ஆசிரியர் பெயரும் நூலின் தகுதியும்: புனித ஜெரோமின் வாழ்வும் தொடக்கக் கிறித்தவ நூல்கள் பற்றிய அவரது ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவத்தின் தொடக்கக்கால நூல்கள் சிலவற்றுக்கு ஆசிரியர் யார் என்பது கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே ஐயத்திற்குரிய வினாவாக இருந்தது. இலத்தீன் உலகில் அவ்வினாவை நூல்தோறும் எழுப்பி, மாறுபட்ட கருத்துகளையும் மறைக்காமல் பதிவு செய்தவர் புனித ஜெரோம். ஒரு நூலை எழுதியவர் யார் என்பதும், அந்நூல் ஏற்கத்தக்கதா என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்னும் தெளிவு அவரிடம் படிப்படியாக உருவாயிற்று. அத்தெளிவு அவருடைய கல்வி, பயணம், பகை, இழப்பு ஆகியவற்றினூடே எவ்வாறு முதிர்ந்தது என்பதையும், அவரே அதிலிருந்து விலகிய இடங்களையும் இக்கட்டுரை அவரது வாழ்க்கை வரலாற்றின்வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜெரோம், புதிய ஏற்பாடு, ஆசிரியர் ஆய்வு, பாடவேறுபாடு, போலிநூல், வுல்காத்தா.

முன்னுரை

புதிய ஏற்பாட்டில் இருபத்தேழு நூல்கள் உள்ளன. அவற்றுள் நற்செய்தி நூல்கள் நான்கும் தம் ஆசிரியர் பெயரை நூலுக்குள் கூறுவதில்லை. தலைப்பில் உள்ள பெயர்கள் மரபுவழி வந்தவை. எபிரேயர் திருமுகத்தில் எழுதியவர் பெயரே இல்லை. பேதுருவின் பெயரைத் தாங்கிய இரண்டாம் திருமுகத்தை அவர் எழுதவில்லை எனப் பழங்காலத்திலேயே பலர் கருதினர். இவற்றுக்கு வெளியே பேதுரு, பவுல், தோமா முதலியோர் பெயரில் நற்செய்திகளும் பணிநூல்களும் திருவெளிப்பாடுகளும் வழங்கின. எது மெய், எது போலி என்று பிரித்தறியும் தேவை திருச்சபைக்கு இருந்தது.

கிரேக்க மொழியில் இவ்வாய்வை அலெக்சாந்திரியாவின் ஒரிஜனும் செசரியாவின் யூசேபியஸும் முன்னரே தொடங்கியிருந்தனர். அவர்கள் வழிவந்த அறிவை இலத்தீனுக்குக் கொண்டுவந்து, தம் மொழிப் புலமையால் விரித்தவர் ஜெரோம். விவிலியத்தின் மொழிபெயர்ப்பாளர் என்ற நிலையிலேயே அவர் பெரிதும் அறியப்படுகிறார். நூலாசிரியர் ஆய்வாளர் என்ற நிலையில் அவரைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஜெரோமின் இலத்தீன் பெயர் யூசேபியஸ் எரோனிமுஸ். உரோமைப் பேரரசின் தல்மாத்தியா, பன்னோனியா ஆகிய மாநிலங்களின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ கி.பி. 347இல் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். அவ்வூர் பின்னர்க் கோத்தியர் படையெடுப்பில் அழிந்தது. வசதியுள்ள குடும்பமாதலால் இளமையிலேயே உரோமைக்கு அனுப்பப்பட்டு, அக்காலத்தின் புகழ்மிக்க இலக்கண ஆசிரியரான தொனாத்துஸிடம் பயின்றார்.

அந்நாளைய இலக்கணக் கல்வியின் தன்மை இங்குக் கருதத்தக்கது. நூலைப் பிழையின்றி வாசித்தல், சுவடியின் வழுக்களைத் திருத்துதல், பொருள் விளக்குதல், நூலையும் ஆசிரியரையும் மதிப்பிடுதல் ஆகிய நான்கும் இலக்கண ஆசிரியரின் பணிகள். ஒரு செய்யுள் வெர்ஜிலுடையதா, அன்றா என்று நடையைக் கொண்டு முடிவு செய்வதும் அக்கல்வியின் பகுதியே. பிற்காலத்தில் திருத்தூதர்களின் மடல்களை ஆராய்ந்தபோது ஜெரோம் கையாண்ட கருவிகள் இவையே. சமய நூல்களுக்கென அவர் புதுமுறை எதனையும் வகுக்கவில்லை; உரோமை வகுப்பறையில் கற்ற முறையையே திருநூல்களுக்கும் பொருத்தினார்.

உரோமையில் பயின்ற காலத்தில் அவர் தமக்கென ஒரு நூலகத்தைத் திரட்டினார். திரியர் நகரில் தங்கியிருந்தபோது, நண்பர் ரூஃபினஸுக்காக இலாரியின் நூல்களைத் தம் கையால் படியெடுத்தார். படியெடுப்பவரின் கண் எங்கே தவறும், கை எங்கே சோரும் என்பதை அவர் பட்டறிவால் அறிந்தவர்.

பாலைநிலமும் எபிரேயமும்

கிழக்கு நோக்கிப் புறப்பட்ட ஜெரோம், ஏறத்தாழ 374இல் அந்தியோக்கியாவில் கடும் நோயுற்றார். அப்போது கண்ட கனவொன்றைப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். நடுவரின் முன் நிறுத்தப்பட்ட தாம், கிறித்தவர் என்று கூறிக்கொண்டபோது, சிசரோவைச் சார்ந்தவரே ஒழியக் கிறித்துவைச் சார்ந்தவர் அல்லர் எனக் கடியப்பட்டதாகவும், இனி உலகியல் நூல்களைத் தொடுவதில்லை எனச் சூளுரைத்ததாகவும் அதில் கூறுகிறார். இச்சூளுரை வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. பகைவரான பின் ரூஃபினஸ் இதனையே காட்டி அவரைச் சூளுரை மீறியவர் எனச் சாடினார். கற்ற இலக்கியத்தை அவரால் விடமுடியவில்லை என்பதே உண்மை. அவ்விலக்கியப் பயிற்சி இல்லையேல் அவருடைய ஆசிரியர் ஆய்வும் இல்லை.

பின்னர்ச் சிரியாவின் கால்கிஸ் பாலைநிலத்தில் துறவு வாழ்க்கை மேற்கொண்டார். உடலை ஒடுக்கியும் மனம் அடங்காத நிலையில், அதனை ஒருநிலைப்படுத்தக் கிறித்தவராக மாறிய யூதர் ஒருவரிடம் எபிரேயம் கற்கத் தொடங்கினார். சிசரோவின் நடையில் திளைத்தவருக்கு அம்மொழியின் ஒலிகள் கரடுமுரடாகத் தோன்றின. பலமுறை கைவிட்டு மீண்டும் தொடங்கியதாக அவரே குறிப்பிடுகிறார். இலத்தீன் கிறித்தவ எழுத்தாளர்களுள் எபிரேயத்தை இவ்வளவு ஆழமாகக் கற்றவர் அவருக்கு முன் எவரும் இலர்.

380, 381ஆம் ஆண்டுகளில் கான்ஸ்தாந்திநோபிளில் நசியான்சின் கிரகோரியாரிடம் மறைநூல் விளக்கம் கேட்டார். அங்கேயே யூசேபியஸின் காலவரிசை நூலை இலத்தீனில் பெயர்த்து, 378ஆம் ஆண்டுவரை நீட்டித்தார். ஒரிஜனின் மறையுரைகளையும் மொழிபெயர்த்தார். இவ்விருவர் வழியாகவே எந்நூல் எல்லாராலும் ஏற்கப்பட்டது, எது ஐயத்திற்குரியது என்ற கிரேக்க மரபின் வகைப்பாடு அவருக்கு அறிமுகமாயிற்று.

உரோமையில் நற்செய்தித் திருத்தம்

382இல் உரோமைக்குத் திரும்பிய ஜெரோம், திருத்தந்தை தமாசுவின் மடல் எழுதும் பணியில் துணைநின்றார். அக்காலத்தில் வழங்கிய இலத்தீன் நற்செய்திகள் பல கைகளால் பெயர்க்கப்பட்டவை. ஏறக்குறைய எத்தனை சுவடிகள் உண்டோ அத்தனை பாடங்கள் இருந்தன என்பது அவரது மதிப்பீடு. தமாசுவின் வேண்டுகோளின்படி நான்கு நற்செய்திகளையும் பழைய கிரேக்கச் சுவடிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி 384இல் அளித்தார்.

அத்திருத்தத்தின் முன்னுரையில் அவர் பாடவேறுபாட்டிற்கான காரணங்களைப் பகுத்துக் காட்டுகிறார். மொழிபெயர்ப்பாளரின் தவறு, திருத்துவதாக எண்ணிக் கெடுத்தோரின் துணிவு, படியெடுப்போரின் உறக்கக் கலக்கம் ஆகியவை ஒருபுறம். ஒரு நற்செய்தியில் உள்ள செய்தி மற்றொன்றில் இல்லையெனில் அதனைக் குறையாகக் கருதி நிரப்பியமை மறுபுறம். இதனால் மாற்குவில் மத்தேயுவும் லூக்காவும், மத்தேயுவில் யோவானும் மாற்குவும் கலந்துவிட்டதை அவர் கண்டார். ஒவ்வொரு நற்செய்தியும் தனியோர் ஆசிரியரின் தனிநூல். அதனை அதன் ஆசிரியருக்கே மீட்டளிக்க வேண்டும் என்பது இத்திருத்தத்தின் அடிப்படை. யூசேபியஸின் ஒப்புமை அட்டவணைகளை இலத்தீன் பதிப்பில் சேர்த்ததும் இந்நோக்கத்தினாலேயே. எச்செய்தி எந்த நற்செய்திக்குரியது என்பதை அவ்வட்டவணைகள் எளிதில் காட்டின.

பழகிய சொற்களை மாற்றியதற்காக எதிர்ப்பு எழுந்தது. உரோமைக் குருக்களின் வாழ்க்கையை அவர் எள்ளி எழுதியமையும், அவரது துறவு அறிவுரையைப் பின்பற்றிய பிளெசில்லா என்னும் இளம்பெண் இறந்தமையும் எதிர்ப்பை வலுப்படுத்தின. 384 இறுதியில் தமாசு மறைந்தபின் அவருக்குப் பாதுகாப்பில்லை. 385 ஆகஸ்டில் உரோமையை நீங்கினார். பின்னர் அந்நகருக்கு அவர் திரும்பவேயில்லை.

பெத்லகேமில் நூற்பணி

பிளெசில்லாவின் தாயான பவுலாவும், மற்றொரு மகளான யூஸ்தோக்கியமும் கிழக்கே சென்று அவரோடு இணைந்தனர். திருநாட்டையும் எகிப்தையும் சுற்றிவந்த அவர்கள் 386இல் பெத்லகேமில் நிலைகொண்டனர். பவுலாவின் செல்வத்தால் ஆடவர், பெண்டிர் மடங்களும் வழிப்போக்கர் விடுதியும் எழுந்தன. பவுலா எபிரேயம் கற்றுத் திருப்பாடல்களை அம்மொழியிலேயே பாடும் அளவுக்குத் தேர்ந்தார். ஜெரோமின் உரைகளும் பெயர்ப்புகளும் பல இவ்விரு பெண்களின் வேண்டுகோளால் தோன்றி, இவர்களுக்கே உரிமையாக்கப்பட்டவை.

பெத்லகேமிலும் எபிரேயக் கல்வி தொடர்ந்தது. பரனினா என்னும் யூத ஆசிரியர், தம் இனத்தார்க்கு அஞ்சி, இரவில் வந்து கற்பித்தார். செசரியா நூலகத்தில் இருந்த ஒரிஜனின் அறுபத்திப் பதிப்பையும் ஜெரோம் நேரில் ஒப்பிட்டார். ஏறத்தாழ 390 முதல் 405 வரை பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து பெயர்த்தார்.

இப்பெயர்ப்பு அவரை அகுஸ்தீனுடன் நீண்ட மடல் வழக்கில் ஈடுபடுத்தியது. திருத்தூதர் காலம்முதல் திருச்சபை வாசித்துவந்த கிரேக்கப் பெயர்ப்பை விட்டு எபிரேயத்திற்குச் செல்வது ஏன் என்பது அகுஸ்தீனின் கவலை. வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில், இன்றைய திரிப்போலியில், யோனா நூலின் புதிய பெயர்ப்பு வாசிக்கப்பட்டபோது, யோனாவுக்கு நிழல் தந்த செடி சுரைக்கொடி என்றிருந்த இடத்தில் ஐவி என்னும் படர்கொடியின் பெயர் வந்ததால் மக்கள் கொதித்தெழுந்தனர் என்று அகுஸ்தீன் அவருக்கு எழுதினார். தலைமுறைகளாகக் காதில் பதிந்த ஒரு சொல்லை மாற்றுவதே இத்தகைய குழப்பத்தை விளைவித்தது. ஆசிரியர் பெயரை ஐயுறுவது எத்துணை இடர்மிக்கது என்பதை இதனால் உணரலாம்.

சான்றோர் வரலாறு காட்டும் ஆசிரியர் ஆய்வு

ஏறத்தாழ 393இல், தெக்ஸ்தர் என்பவரின் வேண்டுகோளுக்கிணங்க, கிறித்தவ எழுத்தாளர் வரலாற்றை ஜெரோம் எழுதினார். சுவெத்தோனியஸின் முறையைத் தழுவிய அந்நூல் பேதுருவில் தொடங்கி, ஜெரோமிலேயே முடிகிறது. 135 பகுதிகளைக் கொண்டது. கிறித்தவர்களிடம் கல்வியும் சொல்வன்மையும் இல்லை என்ற செல்சுஸ், போர்பிரி, யூலியான் ஆகியோரின் பழிப்புக்கு விடையாக அது அமைந்தது. தம் சமயத்தின் பெருமையை நிலைநாட்ட எழுதிய நூலில் ஐயங்களை ஒளிப்பது எளிது. ஜெரோம் அவ்வாறு செய்யவில்லை. முற்பகுதிச் செய்திகளுள் பெரும்பாலானவை யூசேபியஸிடமிருந்து பெறப்பட்டவை எனினும், இலத்தீன் வாசகர் முன் அவற்றை வெளிப்படையாக வைத்தமை அவரது பணியாகும்.

முதற் பகுதியிலேயே, பேதுருவின் இரண்டாம் திருமுகம் முதல் திருமுகத்தினின்று நடையில் வேறுபடுவதால் பலர் அதனை அவருடையதாக ஏற்பதில்லை என எழுதுகிறார். பேதுருவின் பெயரில் வழங்கிய நற்செய்தி, பணிநூல், போதனை, திருவெளிப்பாடு, தீர்ப்பு ஆகிய ஐந்தையும் விலக்கத்தக்கவை என ஒதுக்குகிறார். யாக்கோபின் திருமுகத்தை வேறொருவர் அவர் பெயரில் வெளியிட்டதாகக் கூறப்பட்டதையும், காலப்போக்கில் அது மதிப்புப் பெற்றதையும் குறிக்கிறார். யூதாவின் திருமுகம், ஏனோக்கு நூலை மேற்கோளாகக் காட்டுவதால் பலரால் மறுக்கப்பட்டது. ஆயினும் பழமையாலும் வழக்காற்றாலும் தகுதி பெற்றது என்கிறார். யோவானின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்கள் மூப்பர் யோவான் என்னும் வேறொருவருடையவை எனச் சிலர் கருதியதையும், எபேசு நகரில் யோவான் பெயரில் இரண்டு கல்லறைகள் காட்டப்பட்டதையும் பதிவு செய்கிறார்.

எபிரேயர் திருமுகம் பற்றிய பகுதி அவரது முறையை நன்கு விளக்குவது. நடையும் மொழியும் வேறுபடுவதால் அது பவுலுடையதன்று எனக் கருதப்படுகிறது என்று தொடங்கி, அதன் ஆசிரியர் பர்னபா என்றும், லூக்கா என்றும், பவுலின் கருத்துகளைத் தம் மொழியில் ஒழுங்குபடுத்திய உரோமையின் கிளமெந்து என்றும் வழங்கிய கருத்துகளை வரிசைப்படுத்துகிறார். பவுலே எழுதியிருப்பின், தம் பெயர் எபிரேயரிடையே வெறுக்கப்பட்டதால் அதனை விடுத்திருக்கலாம் என்றும், எபிரேயத்தில் எழுதப்பட்டுக் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டதால் நடை மாறியிருக்கலாம் என்றும் மறுதரப்பையும் சேர்க்கிறார். முடிவு கூறாது விடுகிறார்.

போலிநூல் தோன்றும் முறைக்கும் அவர் ஒரு சான்று தருகிறார். பவுலும் தெக்லாவும் பற்றிய கதைநூலை எழுதியவர் சின்ன ஆசியாவின் மூப்பர் ஒருவர். பவுல்மீது கொண்ட அன்பினால் எழுதியதாக அவர் ஒப்புக்கொண்டு பதவி இழந்தார் என்னும் செய்தியைத் தெர்த்துல்லியனிடமிருந்து எடுத்தாள்கிறார். நல்லெண்ணம் ஒரு நூலை மெய்யாக்காது என்பது இதனால் பெறப்படுகிறது.

இக்கருத்துகளின் முதிர்ச்சியைப் பிற்கால மடல்களில் காணலாம். எதிபியா என்னும் பெண்மணிக்கு எழுதிய மடலில், பேதுருவின் இரு திருமுகங்களும் நடையில் வேறுபடுவதற்கு, அவர் வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர்களைப் பயன்படுத்தியதே காரணம் என விளக்குகிறார். 414இல் தார்தானுஸுக்கு எழுதிய மடலில் எபிரேயர் திருமுகத்திற்கு மீண்டும் வருகிறார். இலத்தீனார் அதனையும், கிரேக்கத் திருச்சபைகள் திருவெளிப்பாட்டையும் ஏற்கத் தயங்கியபோதும், முன்னோர் மேற்கோள் காட்டிய பழமையைக் கருதித் தாம் இரண்டையும் ஏற்பதாகக் கூறுகிறார். எபிரேயர் திருமுகத்தை யார் எழுதியிருந்தாலும் வேறுபாடில்லை. அது திருச்சபையைச் சார்ந்த ஒருவருடையது, நாள்தோறும் வாசிக்கப்படுவது என்பது அங்கு அவரது நிலைப்பாடு. ஆசிரியர் யார் என்பதற்கு நடையும் சான்றும் விடை கூறும். நூலின் தகுதிக்குப் பழமையும் வழக்காறும் விடை கூறும். ஒன்றின் விடைக்காக மற்றொன்றின் சான்றைத் திரிக்க வேண்டியதில்லை.

அளவுகோல் தளர்ந்த இடங்கள்

ஜெரோம் எங்கும் இவ்வளவு விழிப்புடன் இருந்தார் எனக் கூறுதற்கில்லை. உரோமை மெய்யியலாளரான செனெக்காவைச் சான்றோர் வரிசையில் சேர்த்ததற்கு, அவரும் பவுலும் எழுதிக்கொண்டதாகப் பலரால் வாசிக்கப்பட்ட மடல்களையே காரணமாகக் காட்டுகிறார். அம்மடல்கள் போலியானவை என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. நடையைக் கொண்டு பேதுருவின் மடல்களைப் பிரித்தறியும் வாதங்களை நன்கறிந்தவர், செனெக்காவின் நடையோடு சிறிதும் பொருந்தாத இம்மடல்களுக்கு அவ்வளவுகோலைப் பொருத்தவில்லை.

மத்தேயு நற்செய்தி முதலில் எபிரேயத்தில் எழுதப்பட்டது என்றும், அதன் படி செசரியா நூலகத்தில் உள்ளது என்றும், பெரேயா நகரின் நசரேயர் தம்மிடமிருந்த படியைப் பார்த்தெழுத இசைவளித்தனர் என்றும் அவர் கூறுகிறார். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் மத்தேயு கிரேக்கத்திலேயே இயற்றப்பட்டது என்றும், ஜெரோம் அறிந்தது யூதக் கிறித்தவரிடையே வழங்கிய வேறொரு நற்செய்தி என்றும் கருதுவர்.

மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி கிரேக்கச் சுவடிகளுள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இல்லை என எதிபியாவுக்கு எழுதிய மடலில் கூறும் அவர், தம் திருத்தப் பதிப்பில் அப்பகுதியை நீக்கவில்லை. அறிஞருக்கு எழுதும்போது ஐயத்தைக் கூறுதலும், வழிபாட்டில் வாசிக்கும் நூலில் மரபைக் காத்தலும் அவரது இயல்பாயின.

தானியேல் நூல் பற்றிய உரை மற்றொரு வகையில் கருதத்தக்கது. அந்நூல் தானியேலால் எழுதப்படவில்லை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு எப்பிபானின் காலத்தில் எழுந்தது என்று போர்பிரி வாதிட்டிருந்தார். ஜெரோம் 407ஐ ஒட்டி எழுதிய உரையில் அதனை வன்மையாக மறுத்தார். போர்பிரியின் நூல் பின்னர்ப் பேரரசர் ஆணையால் எரிக்கப்பட்டது. அவரது வாதத்தை இன்று அறிய உதவும் முதன்மைச் சான்று ஜெரோமின் மறுப்புரையே. இக்கால ஆய்வு பெரிதும் போர்பிரியின் பக்கமே சார்கிறது. மறுக்க வேண்டிய கருத்தையும் விரிவாக எடுத்துரைக்கும் பழக்கம், ஜெரோம் பிழைபட்ட இடத்திலும் புலமைக்கு உதவியது.

ஜெரோமின் பெயரில் எழுந்த போலி மடல்

ஒரிஜனின் கொள்கைகள் பற்றி எழுந்த பூசலில், இளமை நண்பர் ரூஃபினஸ் ஜெரோமின் பகைவரானார். அப்பூசலின்போது ஆப்பிரிக்க ஆயர்களிடையே ஒரு மடல் உலவியது. இளமையில் யூதர்களின் தூண்டுதலால் எபிரேயத்திலிருந்து மறைநூலைப் பெயர்த்துவிட்டதாகவும், அதற்காக வருந்துவதாகவும் ஜெரோமே கூறுவதுபோல் அது அமைந்திருந்தது. பல்லாண்டு உழைப்பை அவர் கையெழுத்தைக் கொண்டே அழிக்க முயன்ற போலி அது. செய்தியறிந்த ஜெரோம் தம் மறுப்பு நூலில், எழுதியவன் தம் பெயரை எடுத்துக்கொண்டானேயன்றித் தம் நடையை எடுத்துக்கொள்ள இயலவில்லை என்னும் கருத்துப்பட வாதிட்டார். பிறர் நூல்களுக்குப் பொருத்திய அளவுகோலைத் தம் நற்பெயரைக் காக்கவும் அவர் பயன்படுத்த நேர்ந்தது. ஆசிரியர் ஆய்வு புலவர்களின் பொழுதுபோக்கு அன்று. ஒருவர் சொல்லாததை அவர் வாயில் இடுவதைத் தடுக்கும் அறம் என்பதற்கு இந்நிகழ்ச்சியே தக்க சான்று.

இறுதி ஆண்டுகள்

404இல் பவுலா மறைந்தார். ஜெரோம் சில காலம் எழுத இயலாதிருந்தார். 410இல் அலாரிக்கின் படை உரோமையைச் சூறையாடியது. அங்கு அவருடன் விவிலிய ஐயங்களை ஓயாது விவாதித்த மார்செல்லா அப்படையினரால் துன்புற்று, சில நாளில் இறந்தார். எசேக்கியேல் உரையை எழுதிக்கொண்டிருந்த ஜெரோம், அகதிகளின் வருகையால் பணியை நிறுத்த வேண்டியதாயிற்று. 416இல் பெத்லகேம் மடங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. இதற்கிடையே, முதுமையில் எழுதிய பெலாஜியருக்கு எதிரான நூலிலும் அவர் சுவடிகளை மறக்கவில்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் வரலாறு யோவான் நற்செய்தியின் கிரேக்க, இலத்தீன் சுவடிகள் பலவற்றில் உள்ளது என அங்குக் குறிக்கிறார். எல்லாவற்றிலும் இல்லை என்பது அக்குறிப்பிலேயே அடங்கியுள்ளது. கண்ணொளி மங்கிய நிலையில் எரேமியா உரை முற்றுப்பெறாதிருக்க, 420இல் பெத்லகேமில் மறைந்தார்.

மறைவுக்குப்பின்

வுல்காத்தா என வழங்கும் இலத்தீன் விவிலியம் முழுவதும் ஜெரோமின் பெயரால் அறியப்படுகிறது. எனினும் புதிய ஏற்பாட்டில் நற்செய்திகள் தவிர்த்த நூல்களின் திருத்தம் வேறொருவருடையது என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. பவுலின் திருமுகங்களுக்கு அவர் எழுதிய உரைகளில் காட்டும் பாடம் வுல்காத்தாவின் பாடத்தோடு பல இடங்களில் ஒவ்வாமை இதற்குச் சான்றாகும். ஆசிரியர் பெயர் பெருநூலொன்றின்மேல் படர்ந்து, பிறர் உழைப்பை மறைத்துவிடும் என்பதற்கு அவர் பெயரே எடுத்துக்காட்டாயிற்று.

பொதுத் திருமுகங்களுக்கான முன்னுரையொன்றும் அவர் பெயரில் எழுந்தது. யோவானின் முதல் திருமுகத்தில் தந்தை, வார்த்தை, தூய ஆவி என்னும் மூவரின் சான்று பற்றிய தொடரை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டனர் என அது குறைகூறுகிறது. 546ஐ ஒட்டி எழுதப்பட்ட புல்தா சுவடியில் இம்முன்னுரை உள்ளது. அதே சுவடியின் மூலபாடத்தில் அத்தொடர் இல்லை. இடைச்செருகலுக்கு எதிராக வாழ்நாள் முழுதும் உழைத்தவரின் பெயரே ஓர் இடைச்செருகலுக்கு அரணாக்கப்பட்டது.

1516இல் எராஸ்மஸ் பாசல் நகரின் புரோபன் அச்சகத்தின் வாயிலாக இரு பெரும் பதிப்புகளை வெளியிட்டார். ஒன்று கிரேக்கப் புதிய ஏற்பாடு. அதில் மேற்கூறிய மூவர் தொடர் இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழ, 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதனைச் சேர்த்தார். மற்றொன்று ஜெரோமின் நூற்றொகுதி. அதில், அவர் பெயரில் நூற்றாண்டுகளாக வழங்கிய பிறர் எழுத்துகளை நடை, செய்தி, காலம் ஆகியவற்றைக் கொண்டு எராஸ்மஸ் தனியே பிரித்துவைத்தார். ஜெரோம் திருத்தூதர்களுக்குச் செய்ததை எராஸ்மஸ் ஜெரோமுக்குச் செய்தார் எனலாம்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தொடக்கக் கிறித்தவ நூல்களின் ஆசிரியர் பற்றிய ஐயம் பிற்கால ஆய்வாளர் புதிதாகத் தோற்றுவித்ததன்று. திருச்சபையின் ஆசிரியர்களே அதனை நான்காம் நூற்றாண்டிலும் அதற்கு முன்பும் வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளனர்.

2. ஜெரோமின் ஆசிரியர் ஆய்வு, உரோமை இலக்கணக் கல்வி, சுவடி ஒப்பீடு, மும்மொழிப் புலமை ஆகியவற்றின் விளைவாகும்.

3. ஆசிரியர் யார் என்னும் வினாவையும் நூலின் தகுதி என்னும் வினாவையும் அவர் பிரித்தமையால், ஐயத்தை மறைக்காமலே நூலை ஏற்க முடிந்தது. எபிரேயர் திருமுகம் இதற்குச் சிறந்த சான்று.

4. செனெக்காவின் மடல்கள், எபிரேய மத்தேயு, தானியேல் நூல் ஆகியவற்றில் அவர் தம் அளவுகோலைத் தளர்த்தினார். இருப்பினும் மாறுபட்ட கருத்துகளைப் பதிவு செய்யும் அவரது பழக்கமே, பின்வந்தோர் அவரைத் திருத்தவும் வழிவகுத்தது.

புகழ்பெற்ற ஆசிரியர் பெயரில் பின்னோர் எழுதிய நூல்கள் எல்லா மொழிகளிலும் உள்ளன. அவற்றை ஆராய்வோர், ஆசிரியரை மறுத்தால் நூலின் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவதும், மதிப்பைக் காக்க ஆசிரியரை வலிந்து நிறுவுவதும் உண்டு. சுவடியோடு வாழ்ந்த ஜெரோமின் வாழ்வு, இவ்விரண்டும் தேவையற்றவை என்பதைக் காட்டுகிறது.